சலவை இயந்திரத்தில் மூன்று பை விதைநெல்

1

இன்று காலை எட்டு மணி இரண்டு நிமிடத்துக்கு என் கைப்பேசியில் இரண்டு சொற்கள் வந்தன: "அத்தை க்ளார்."

க்ளார் என்றால் டச்சு மொழியில் முடிந்தது என்று பொருள். அத்தை என்பது ஒரு சலவை இயந்திரத்துக்கு என் மகள் நிவேதா வைத்த பெயர். அந்த இயந்திரம் சென்னைக்கு வடக்கே ஆரம்பாக்கத்தில், என் அக்கா கோமளாவின் வீட்டுப் பின்கட்டில் நிற்கிறது. நான் நெதர்லாந்தில், ஐந்தோவன் நகரத்தில் ஒரு அடுக்குமாடியின் மூன்றாவது தளத்தில் இருக்கிறேன். இரண்டு வீடுகளுக்கும் நடுவே ஏறக்குறைய எட்டாயிரம் கிலோமீட்டர்.

செய்தியைத் தொட்டால் விவரம் விரியும். ஓடிய நேரம் ஒன்பது நிமிடம். தண்ணீர், இல்லை. வெப்பம், இல்லை. சுழற்சி மட்டும்.

ஒன்பது நிமிடத்தில், தண்ணீர் இல்லாமல், எந்தத் துணியும் வெளுக்காது. உள்ளே இருந்தது துணியல்ல என்று எனக்குத் தெரியும். விதைநெல். போன வருஷம் இதே புரட்டாசியில், இதே இயந்திரத்துக்குள், அக்கா வீட்டின் ஒரு போகத்து விதையும் வெந்துபோகப் பார்த்தது. அதற்குக் காரணம் நான். அன்றைக்கு நடந்ததை ஒழுங்காக எழுதிவைக்க ஒரு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கு எழுதுகிறேன்.

2

முதலில் இங்கே துணி துவைப்பது எப்படி என்று சொல்லிவிடுகிறேன். ஊரில் இருப்பவர்கள் கேட்டால் சிரிப்பார்கள்.

எங்கள் கட்டடத்தில் இரவு பத்துக்கு மேல், காலை ஏழுக்கு முன், சலவை இயந்திரம் ஓடக்கூடாது. இது விதி. குடியிருப்போர் சங்கம் இதை அச்சடித்து, நாங்கள் குடிவந்த அன்றே சாவியோடு சேர்த்துக் கொடுத்தது. வந்த மூன்றாம் மாதத்தில், எங்கள் இயந்திரம் இரவில் ஓடுவதாக ஒரு கடிதம் வந்தது. ஓடியது மேல்வீட்டு இயந்திரம். மறுப்புக் கடிதத்தை நானே டச்சில் எழுதினேன். 'எங்கள் இயந்திரம் இரவில் ஓடாது' என்பதற்கு, கால்களால் ஓடுவதற்குரிய சொல்லைப் போட்டுவிட்டேன். சங்கச் செயலாளர் அம்மாள் என்னை மின்தூக்கியில் பார்த்தபோதெல்லாம், உங்கள் இயந்திரம் ராத்திரி வீட்டிலேயே இருக்கிறதல்லவா என்று மரியாதையாக விசாரிப்பார். பதினாறு வருஷம் ஆகிவிட்டது. இன்னும் விசாரிக்கிறார்.

சென்னையில் ஒரு நாளிதழில் பன்னிரண்டு வருஷம் துணை ஆசிரியராக இருந்தவன் நான். மனைவியின் வேலைக்காக இங்கே வந்தோம். இப்போது நகராட்சியின் ஆவணக் காப்பகத்தில் பழைய புகைப்படங்களுக்குக் குறிப்பெழுதும் வேலை. யார், எங்கே, எப்போது என்ற மூன்று கேள்விகளும் மாறவில்லை. மொழிதான் மாறிவிட்டது.

நிவேதாவுக்கு வயது பதினைந்து. தன் துணியைத் தானே துவைத்துக்கொள்கிறாள், அதாவது இயந்திரத்தில் திணித்துவிட்டுப் பள்ளிக்கு சைக்கிளில் போகும்போது வழியில் கைப்பேசியைத் தொடுகிறாள். வீட்டில் இயந்திரம் தானாகக் கதவைப் பூட்டித் தண்ணீர் பிடித்துக்கொள்கிறது. தமிழ் அவளுக்குப் புரியும். பேசச் சொன்னால் ஒவ்வொரு சொல்லாக எடுத்துவைப்பாள், முட்டை அடுக்குவது போல. அத்தையோடு வாரம் ஒருமுறை வீடியோவில் இரண்டு நிமிடம் என்று இருந்தது. பிறகு மாதம் ஒருமுறை ஆனது. போன வருஷம் நான் மட்டும் ஊருக்குக் கிளம்பியபோது, அத்தைக்கு ஹலோ சொல்லு என்றாள். அவ்வளவுதான்.

3

அக்காவின் பழைய இயந்திரத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். எல்லார் வீட்டிலும் இருந்தது. செமி ஆட்டோமேட்டிக். இடது பக்கம் துவைக்கும் தொட்டி, வலது பக்கம் ஒடுக்கமான டிரையர். மேலே மூன்று குமிழ்கள். பின்னால் யானைத் தும்பிக்கை போல ஒரு குழாய். அதைக் கீழே போட்டால் தண்ணீர் போகும், எடுத்து மாட்டினால் நிற்கும்.

மாமா, அதாவது அக்காவின் கணவர் ஏகாம்பரம், கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் இரும்பு உருக்கும் ஆலையொன்றில் ஷிப்ட் வேலை பார்க்கிறார். ஒரு ஏக்கர் சொச்சம் நிலமும் இருக்கிறது. ஷிப்ட் முடிந்து ரயிலில் வந்து இறங்கி நேராக வரப்புக்குப் போகிறவர். ஆகவே அந்த வீட்டின் அழுக்கு இரண்டு விதம்: இரும்புத் தூள், சேறு. ஊர் போர்வெல் தண்ணீரில் உப்பு வேறு.

இதை அக்கா எப்படிச் சமாளித்தாள் என்பதை ஒருமுறை கடிகாரம் வைத்துப் பார்த்தேன். ஒரே சோப்புத் தண்ணீர். முதலில் மாமாவின் வெள்ளை வேட்டிகள், ஏழு நிமிடம். அவற்றை எடுத்துவிட்டு அதே தண்ணீரில் புடவைகள். பிறகு அதே தண்ணீரில் ஆலை யூனிபார்ம். கடைசியாகக் கால்மிதிகள். அதற்குள் தண்ணீர் கருப்புக் காப்பி நிறத்துக்கு வந்திருக்கும். அதையும் விடமாட்டாள். குழாயைக் கழற்றித் தொழுவத்துப் பக்கம் நீட்டி, தரை கழுவிவிடுவாள். நடுநடுவே, தொட்டி சுழன்றுகொண்டிருக்கும்போதே கையை விட்டு விரல்களைத் தேய்த்துப் பார்ப்பாள். வழுவழுப்புக் குறைந்தால் ஒரு சிட்டிகை தூள். மூடி திறந்தே இருக்கும். அந்த இயந்திரம் எதையும் மறைக்கவில்லை. எதையும் தானாகச் செய்யவும் இல்லை. ஒவ்வொரு கட்டத்திலும் அடுத்து என்ன என்று கேட்டுக்கொண்டு நின்றது. அக்கா சொன்னதைச் செய்தது.

டிரையரில் அவள் துணி மட்டும் போடவில்லை. விதைநெல்லும் போட்டாள்.

விவசாயம் தெரியாதவர்களுக்காக ஒரு வரி: விதையை ஒரு நாள் ஊறவைத்து, நீரை வடித்து, கோணியில் கட்டி வைக்கோல் போட்டு மூடி வைத்தால், உள்ளே சூடேறி முளை விடும். இதற்கு மூட்டம் போடுவது என்று பெயர். வடிய விடுவதற்கு ஒரு ராத்திரி வேண்டும். கோணியைச் சாய்த்து மேலே கல் வைப்பார்கள். அக்கா அந்த ராத்திரியை மிச்சப்படுத்தக் கண்டுபிடித்த வழி, ஐந்து கிலோ விதையை வெள்ளைத் துணிப்பையில் கட்டி டிரையரில் ஒரு நிமிடம் சுற்றுவது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஒரு வருஷம் மழை முந்திக்கொண்டது, நேரமில்லை, போட்டுப் பார்த்தாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் அப்படித்தான். அக்கம்பக்கத்தில் நாலு வீட்டில் இப்போது இதுதான் வழக்கம்.

விதைக்கிற அன்று முதல் பிடியும் அக்காவின் கைதான். அவளுக்குக் கைராசி என்று மாமா நம்புகிறார். அவர் நம்புகிற ஒரே விஷயம் அதுதான் என்று அக்கா சொல்வாள்.

4

ஈரத்துணியைத் துவைக்கும் தொட்டியிலிருந்து டிரையருக்குத் தூக்கித் தூக்கி அக்காவின் வலது மணிக்கட்டு போய்விட்டது. பட்டை கட்டிக்கொண்டிருந்தாள். போன வருஷம் நான் போய் இறங்கிய மூன்றாம் நாள், அவளைக் கேட்காமல் புதுவாயல் கடையில் ஒரு முழு ஆட்டோமேட்டிக் இயந்திரம் வாங்கினேன். முன்பக்கம் கண்ணாடிக் கதவு வைத்தது. ஐந்தோவனில் என் வீட்டில் இருக்கும் அதே நிறுவனத்தின் இயந்திரம், கிட்டத்தட்ட அதே மாடல். தெரிந்த பொருள் என்ற தைரியம். பழையதைக் கடைக்காரர்கள் எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொண்டு போனார்கள். வண்டியில் ஏற்றும்போது அக்கா அதன் டிரையர் மூடியை ஒருமுறை திறந்து உள்ளே பார்த்தாள். ஏதாவது விட்டுவிட்டாளோ என்று நினைத்தேன்.

முதல் துவைப்பை முழுக்கப் பார்த்தாள். பிளாஸ்டிக் ஸ்டூலைக் கண்ணாடிக்கு முன்னால் போட்டுக்கொண்டு, ஒரு மணி நேரத்துக்கு மேல். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். நாலு வருஷம் அப்படியொரு இயந்திரத்தோடு வாழ்ந்தும் நான் அதை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை என்று அன்றுதான் தெரிந்தது. துணியை முதலில் உலர்வாகவே இரண்டு சுற்றுச் சுற்றி எடைபோடுகிறது. எடைக்குத் தகுந்தபடி தண்ணீர் எடுக்கிறது. வலமாகப் போய், நின்று, யோசித்து, இடமாக வருகிறது. துணி ஒரு பக்கம் சேர்ந்துவிட்டால் வேகமெடுக்காமல் நிதானித்து, உதறிப் பரப்பி, மறுபடி தொடங்குகிறது. அக்கா கையால் செய்துவந்த ஒவ்வொன்றையும் அது செய்தது. முகம் தெரியாத ஒருவர் அவளை வருஷக்கணக்கில் கவனித்துக் குறிப்பெடுத்து உள்ளே வைத்துப் பூட்டியது போல இருந்தது. இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை.

அக்காவுக்கும் மலைப்புத்தான். ஆனால் ஒரு குறை சொன்னாள். "எல்லாம் நல்லாத்தான் பண்ணுது. கதவைச் சாத்திக்கினு பண்ணுது பாரு, அதான். ஆபீசருங்க மாதிரி."

அந்த இயந்திரத்தைப் பதிவு செய்ய வேண்டும், இல்லாவிட்டால் உத்தரவாதம் கிடையாது. பதிவுக்கு மின்னஞ்சல் வேண்டும். அக்காவுக்கு இல்லை. மாமாவின் கைப்பேசியில் எப்போதோ திறந்த ஒன்று இருந்தது. கடவுச்சொல் யாருக்கும் தெரியவில்லை. மீட்டெடுக்கப் போனால், காலாவதியான ஒரு எண்ணுக்குக் குறியீடு அனுப்பியிருப்பதாகச் சொன்னது. நாற்பது நிமிடம் போராடிவிட்டு, வீட்டு வைஃபையோடு இணைத்து என் கணக்கிலேயே சேர்த்துவிட்டேன். என் வீட்டு இயந்திரத்துக்குக் கீழே இரண்டாவதாக அது வந்து உட்கார்ந்தது. பெயர் வைக்கச் சொன்னது. 'பிறகு' என்பதைத் தொட்டேன். அதுவே தனக்கு 'வாஸ்மஷீன்' என்று வைத்துக்கொண்டது. டச்சில் சலவை இயந்திரம். என் வீட்டு இயந்திரத்தின் பெயரும் அதுதான். அந்தக் கணக்கு நிவேதாவின் கைப்பேசியிலும் இருக்கிறது என்பது என் நினைவில் இல்லை.

5

விதை பதினைந்து கிலோ. மூன்று பை. ஊறப்போட்ட மறுநாள் காலையில்தான் டிரையர் போய்விட்டது என்பது எல்லாருக்கும் உறைத்தது. கல் வைத்து வடிய விட நேரமில்லை. டிரம் சீடர் என்று ஒரு கருவி, துளை போட்ட உருளைகளில் முளைவிதையை நிரப்பிச் சேற்றில் இழுத்துக்கொண்டு போவது, வியாழக்கிழமை காலை மட்டும்தான் இவர்கள் முறை. அதற்கு அடுத்த நாள் மழை என்று சொல்லியிருந்தார்கள்.

புதியதிலேயே போடலாம் என்று சொன்னவன் நான். சுழற்சி மட்டும் என்று ஒரு நிரல் இருக்கிறதே. அக்கா மூன்று பைகளையும் தூக்கி வந்தாள்.

"சுத்த மட்டும் சொல்லு நைனா. தண்ணி குடிக்க வுட்றாத."

நான் சொல்லியிருக்கலாம். முகப்பிலேயே ஒரு குமிழைத் திருப்பி ஒரு பொத்தானை அழுத்தினால் முடிந்தது. ஆனால் எனக்கு ஒரு வித்தை காட்ட ஆசை. கதவைச் சாத்தி, தொலைவிலிருந்து இயக்குவதற்கான குறியை அழுத்திவிட்டு, கைப்பேசியோடு முற்றத்துக்கு வந்தேன். இங்கேயிருந்தே ஓட்டுகிறேன் பாருங்கள் என்றேன். மாமா பல் துலக்கிக்கொண்டே வந்து நின்றார், இரவு ஷிப்ட் முடிந்து தூங்கி எழுந்தவர். அங்கே சிக்னல் மந்தம். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

அப்போது பின்கட்டில் 'டொக்' என்று கதவு பூட்டிக்கொண்ட சத்தம் கேட்டது.

நான் இன்னும் எதையும் தொடவில்லை. இருந்தும், "பாத்தீங்களா?" என்றேன். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

அடுத்துத் தண்ணீர் விழும் சத்தம். அக்கா என்னைப் பார்த்தாள். நாங்கள் உள்ளே போனபோது மூன்று வெள்ளைப் பைகளும் நனைந்து புரண்டுகொண்டிருந்தன. முகப்பில் எண்கள்: அறுபது டிகிரி. இரண்டு மணி நாற்பது நிமிடம்.

நேரம் பதினொன்று இருபத்தைந்து. ஐந்தோவனில் காலை ஏழு ஐம்பத்தைந்து. நிவேதா சைக்கிளில் ஏறும் நேரம். அப்போதுதான் எனக்கு விளங்கியது.

நிறுத்து என்று தொட்டேன். வட்டம் சுற்றியது. மகளைக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. சைக்கிளில் போகும்போது கைப்பேசியை எடுக்கக் கூடாது என்று அவளுக்குச் சொல்லி வளர்த்தவனும் நான்தான். முகப்பில் நிறுத்தும் பொத்தானை அழுத்தினால், குழந்தைப் பூட்டு போட்டிருப்பதாக ஒரு படம் மின்னியது. அதை எப்படி எடுப்பது என்று தெரியவில்லை. வாடிக்கையாளர் சேவைக்கு அடித்தேன். மொழியைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது, பிறகு பொருளை, பிறகு குறையை. கடைசியில் வந்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, நாற்பத்தெட்டு மணி நேரத்தில் ஆள் வருவார் என்றார். உள்ளே என்ன துணி சார் என்று கேட்டார். நெல் என்றேன். குறித்துக்கொண்டேன் சார் என்றார்.

அக்கா கண்ணாடியில் உள்ளங்கையை வைத்திருந்தாள். "சூடாவுதுடா," என்றாள். மெல்லத்தான் சொன்னாள்.

மாமா பிளக்கைப் பிடுங்கினார். உருளை நின்றது. கதவு திறக்கவில்லை. மின்சாரம் இல்லாவிட்டாலும் தண்ணீர் உள்ளே இருக்கிறவரை அது திறக்காது. வீடு முழுக்க அமைதி. கதவின் ரப்பர் ஓரத்திலிருந்து ஒரு வாசனை வந்தது. அந்தப் பக்கத்துக்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்த வாசனைதான். களத்தில் அண்டாவில் நெல் அவிக்கும்போது வருமே, அது. நல்ல வாசனை. அன்று அதைப் போலப் பயமுறுத்தியது வேறில்லை.

"புழுங்க வெச்சிட்டியே நைனா," என்றாள் அக்கா. திட்டவில்லை. நடந்ததைச் சொன்னாள்.

அதற்குப் பிறகு நடந்தது எல்லாம் அவள் செய்தது. "தண்ணி கீழதான வரணும்," என்று தரையில் குப்புறப் படுத்தாள். பழைய இயந்திரத்தின் குழாயைக் கீழே போட்டுப் போட்டுத் தண்ணீர் வடித்த புத்தி அது. வலது கீழ் மூலையில் சிறிய கதவு ஒன்று இருந்தது. அதைத் திறந்தாள். உள்ளே திருகுமூடி. அவளால் வலது கையைத் திருக முடியாது, இடது கையால் திருகினாள். வெந்நீர் பீறிட்டுத் தரையெல்லாம் ஓடியது. கோணிச் சாக்கைப் போட்டு அணைத்துக்கொண்டே வடித்தாள். மாமா கைப்பேசி விளக்கைக் காட்டினார். மூடிக்குப் பக்கத்தில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு சிறு வார் தொங்கியது. நாலு வருஷமாக என் வீட்டு இயந்திரத்திலும் தொங்கியிருக்கும், நான் பார்த்ததில்லை. மாமா இழுத்தார். 'டொக்'. கதவு திறந்தது.

பூட்டியதிலிருந்து இருபத்திரண்டு நிமிடம். பைக்குள் கையை விட்டு மாமா வாய்க்குள் எண்ணினார். பத்து வரை கை சூடு தாங்கியது. அறுபதுக்கு வரவில்லை. எவ்வளவுக்கு வந்தது என்று சொல்ல யாராலும் முடியாது.

6

பைகளைக் குளிர்ந்த தண்ணீரில் முக்கி எடுத்தார்கள். மாமா சட்டையை மாட்டிக்கொண்டு விதை டிப்போவுக்குக் கிளம்பினார். சிட்டா, அடங்கல், ஆதார் எல்லாம் ஒரு பாலித்தீன் பையில் எப்போதும் தயாராக இருக்கும். இரண்டு மணிக்கு வெறுங்கையோடு திரும்பினார். அந்த ரகம் தீர்ந்துவிட்டது, அடுத்த வாரம் கேட்டுப் பாருங்கள் என்றார்களாம். அடுத்த வாரம் வயலில் முழங்கால் தண்ணீர் நிற்கும். இந்த விதை முளைக்காவிட்டால் அந்தப் போகம் நிலம் சும்மா கிடக்க வேண்டியதுதான். சும்மா கிடக்கும் நிலத்தை வாங்க அந்தப் பக்கத்தில் எப்போதும் யாராவது ஒருவர் காரில் வந்துகொண்டே இருக்கிறார். மாமா அதைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதில்லை.

ராத்திரி முழுக்க விட நேரமில்லாததால் இருட்டும்வரை மட்டும் கல் வைத்து வடிய விட்டு, மூட்டம் போட்டார்கள். வெந்ததா வேகாததா என்று தெரியாத விதைக்கு முழு மரியாதையோடு வைக்கோல் போர்த்தினாள் அக்கா.

மாமா திரும்புவதற்குச் சற்று முன்பு நிவேதா கூப்பிட்டிருந்தாள். பள்ளி இடைவேளை. என் இருபத்தோரு அழைப்புகளையும் பார்த்திருக்கிறாள். வீட்டு இயந்திரத்தில் தொலைவு இயக்கக் குறியை அழுத்த மறந்துவிட்டாள். ஆகவே ஒரு வாஸ்மஷீன் சாம்பல் நிறத்தில் இருந்தது, இன்னொரு வாஸ்மஷீன் பச்சையாக, தயாராக இருந்தது. பச்சையைத் தொட்டாள். நான் நடந்ததைச் சொன்னேன். "அது செத்துப் போச்சாப்பா?" என்றாள். அத்தையிடம் கொடு என்றாள்.

ஸ்பீக்கரில் போட்டேன். அக்கா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு கேட்டாள். "நீ இன்னா துணி போட்ட கண்ணு?"

"ஹாக்கி டிரெஸ், அத்தை."

"அப்ப அது இன்னும் தொவைக்காமலா கீது? போயி மொதல்ல அதைப் போடு. நாறப்போவுது."

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு வந்து, நடுவில் அழுகையாகிவிட்டது. அக்கா அவளை அழவிட்டு, கைப்பேசியைப் பிடித்தபடியே நின்றாள். இரண்டு நிமிடம் என்பது அன்று பதினொரு நிமிடம் ஆனது. நான் இயந்திரத்துக்குக் கீழே தரையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் முழுக்க நிவேதா மணிக்கொரு முறை செய்தி அனுப்பினாள். முளைத்ததா? இன்னும் இல்லை. முளைத்ததா? மூட்டத்தை அடிக்கடி திறந்தால் சூடு போய்விடும், அத்தை திறக்க மாட்டாள். முளைத்ததா? வியாழக்கிழமை விடியும்போது அக்கா வைக்கோலை விலக்கினாள். கோணியின் வாயை அவிழ்த்துக் கையை உள்ளே விட்டு, ஒரு பிடி எடுத்து, விரித்தாள்.

ஒவ்வொரு நெல்லின் நுனியிலும் வெள்ளையாக ஒரு புள்ளி. ஊசி முனை அளவு.

ஒவ்வொன்றிலும் இல்லை. பத்திரிகைக்காரன் சரியாகச் சொல்ல வேண்டும். மாமா ஈரத்துணியில் நூறு விதையை எண்ணி வைத்துப் பார்த்தார். எழுபத்து மூன்று முளைத்திருந்தன. இருபத்தேழு முளைக்கவில்லை. ஆனால் நான் அந்த எழுபத்து மூன்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டாயிரம் கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் சைக்கிளில் ஏறும் ஒரு பெண்ணின் கட்டைவிரல் இந்தப் பின்கட்டில் கதவைப் பூட்டித் தண்ணீரைச் சுடவைக்கிறது என்பது பெரிய விஷயம். அதையும் தாங்கிக்கொண்டு ஒரு நெல் இரண்டாவது நாள் ஊசி முனையை வெளியே நீட்டுகிறது என்பது அதைவிடப் பெரிய விஷயமாக எனக்குப் பட்டது. படம் எடுத்து நிவேதாவுக்கு அனுப்பினேன். அவளுக்கு அப்போது நடு ராத்திரி தாண்டியிருக்கும். உடனே பார்த்ததற்கான குறி வந்தது.

டிரம் சீடரில் விதைத்தார்கள். இடைவெளி விழுந்த இடங்களில், அடர்ந்த இடத்திலிருந்து பிடுங்கி அக்கா நட்டாள். நான் திரும்பிய பிறகு பயிர் வளர்ந்தது. விதையைச் சில நிமிடம் சுடுநீரில் வைத்து நோயை நீக்கும் முறை ஒன்று உண்டு என்றும், ஆனால் அதற்கு யாரும் வாஷிங் மெஷினைப் பயன்படுத்துவதில்லை என்றும் வயலுக்கு வந்த வேளாண்மை உதவியாளர் சொன்னாராம். அதனாலோ என்னவோ, அந்தப் போகம் பழுதில்லாமல் விளைந்தது. காரணம் அதுதானா என்று நான் சொல்ல மாட்டேன். அக்காவுக்கு அந்தச் சந்தேகம் எல்லாம் இல்லை. நிவேதாவின் கைராசி என்று ஊரெல்லாம் சொல்லிவைத்தாள்.

7

அதற்குப் பிறகு ஒரு நாள் நிவேதா கணக்கைத் திறந்து, இரண்டாவது வாஸ்மஷீனின் பெயரை மாற்றினாள். அன்றிலிருந்து அக்கா துணி துவைக்கும்போதெல்லாம் எனக்குச் செய்தி வருகிறது. காப்பகத்தில் யாரோ ஒருவரின் பழைய திருமணப் படத்துக்கு நான் குறிப்பெழுதிக்கொண்டிருக்கும்போது, அத்தை க்ளார். வாரத்துக்கு இரண்டு முறை வரும். ஒரு வாரம் வராவிட்டால் நானே கூப்பிடுகிறேன்.

இன்று காலைச் செய்தியைப் பார்த்ததும் அக்காவைக் கூப்பிட்டேன். பின்னால் டிராக்டர் சத்தம். ஆமாம், விதைதான், பதினைந்து கிலோ, இந்த வருஷமும் அதே ரகம் என்றாள். ஓட்டியது யார், மாமாவா என்று கேட்டேன்.

"அவரு அந்தப் பக்கமே வர்றதில்ல. உம் பொண்ணுதான். நேத்தே போன்ல சொல்லிட்டேன், பதினொன்னரைக்குள்ள ரெடி பண்ணி வெக்கிறேன், நீ தொட்டு வுடுன்னு." டிராக்டர்காரரிடம் ஏதோ கத்திவிட்டு மறுபடி வந்தாள். "மொதல் கை இனிமே அவளுது."

வருஷாவருஷம் முதல் பிடி விதைத்த கை அக்காவுடையது. அதை அவள் கொடுத்துவிட்ட விஷயத்தை, ஷிப்ட் மாற்றிக்கொடுத்தது போலச் சொன்னாள்.

கணக்கைத் திறந்து மறுபடி பார்த்தேன். ஏழு ஐம்பத்து மூன்று. தொடங்கியவர்: நிவேதா. நிரல்: சுழற்சி மட்டும். வேகம், இருப்பதிலேயே குறைந்தது. நெல்லுக்கு அடிபடக் கூடாது என்று யோசித்திருக்கிறாள். காலையில் அவள் வழக்கத்தைவிடச் சீக்கிரம் எழுந்து, சமையலறை மேஜையில் கைப்பேசியைத் தன் முன்னால் நிற்கவைத்து, ரொட்டியைக்கூடத் தொடாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். பரீட்சை போலிருக்கிறது என்று நினைத்து ஒன்றும் கேட்கவில்லை. நேரம் தவறிக் கிளம்பி, மாடிப்படியில் ஓடினாள்.

அவள் போன பிறகு எங்கள் வீட்டு இயந்திரத்தைத் திறந்தேன். ஹாக்கி உடுப்பு உள்ளே கிடந்தது. சேறு காய்ந்து, துவைக்காமல். கதவைச் சாத்தி, குமிழை நானே அறுபதுக்குத் திருப்பினேன். பிறகு ஒரு நாற்காலியை இழுத்துக் கண்ணாடிக்கு முன்னால் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். அது முதலில் எடைபோடத் தொடங்கியது.